மூலை ரவை

அளவு விடயத்தில் 'ஏறத்தாழ' என்ற பேச்சுக்குத் தில்லையம்பலம் இடங்கொடுப்பதில்லை. விமான உறுப்புகள் செய்யும் ஆலையொன்றில் தலை நரைக்கும்வரை பரிசோதகராக இருந்தவர் அவர். ஓர் உறுப்பு அளவில் நிற்கிறது, அல்லது நிற்கவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதொரு நிலை உண்டென்று வாதாடிய மேலாளர்கள் பலரை அவர் கண்டதுண்டு; ஒருவரையும் மதித்ததில்லை. மரக்கறிக் கடைக்காரன் தராசை அரைக் கண்ணால் பார்த்துவிட்டு, "கூடக்குறைய அதுதான் அண்ணை" என்றால், பையை அங்கேயே வைத்துவிட்டு வீடு திரும்பிவிடுவார்.

ஓய்வுபெற்ற பின் அந்தக் கண்டிப்பு முழுவதும் அவர் புலம்பெயர்ந்து குடியேறிய ரெக்ஸ்டேல் வீட்டின் நிலவறைக்கு இறங்கியது. கழகமொன்றில் சேர்ந்து கைத்துப்பாக்கியால் இலக்குச் சுடுவது அவருடைய பொழுதுபோக்கு. கைத்துப்பாக்கி வாங்கவும் விற்கவும் அரசு தடை போடுவதற்கு முன்பே, முறைப்படி உரிமம் எடுத்து வாங்கிய ஒன்று அவரிடம் இருந்தது. இனி இன்னொன்று வாங்க இயலாது. இதைக் கைவிட்டால் கைவிட்டதுதான். அதற்கு வேண்டிய ரவைகளையும் அவர் கடையில் வாங்குவதில்லை. சுட்டு உதிர்ந்த பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிவந்து கழுவி, புதிய வெடிமருந்து நிரப்பி, வாயில் சன்னம் என்னும் புதிய ஈயக் குண்டை வைத்து, மேசையில் பூட்டிய பிரஸ்ஸின் நெம்புகோலை இழுத்து அழுத்தித் தாமே ரவை செய்வார்.

இதில் உயிர்நாடி நீளம். சன்னம் கோதுக்குள் வேண்டியதற்கு மேல் இறங்கினால் மருந்துக்கு இடம் குறையும். இடம் குறைந்தால் அமுக்கம் ஏறும். அமுக்கம் ஏறினால் துப்பாக்கி சுடுபவன் கையிலேயே பிளக்கவும் கூடும். இவ்வளவு தெரிந்தும், பத்துக்கு ஒன்றை அளந்து பார்த்துவிட்டு மிச்சத்தைக் கடவுள்மேல் போடும் மனிதர்கள் கழகத்திலேயே இருந்தார்கள். அவர்களோடு ஒரே வரிசையில் நின்று சுடவேண்டியிருப்பதை எண்ணித் தில்லையம்பலம் பலமுறை பொருமியிருக்கிறார். அவர் ஒரே தயாரிப்பாளரின் கோதுகளை மட்டும் பிரித்தெடுப்பார். சன்னத்தின் நுனி ஒன்றைப்போல் ஒன்று இராது என்பதால், அதைத் தள்ளும் தண்டு நுனியில் படாமல் அதன் தோள்போன்ற வளைவில் படும்படி பார்த்துக்கொள்வார். நெம்புகோலை ஒவ்வொரு முறையும் ஒரே வேகத்தில், அடிவரை இழுப்பார். பிறகு ஒன்றுவிடாமல் கலிப்பர் அளவுகோலால் அளந்து, தலைகீழாக, குழி குழியான பெட்டியில் அடுக்குவார். துப்பாக்கி இலக்கப் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டகத்தில். ரவைகள் அதற்கு அப்பால், திறப்புப் போட்டுப் பூட்டும் வேறோர் அலமாரியில். சட்டம் சொன்னதைவிட ஒரு படி கூடவே அவர் செய்வார்.

கழகத்தின் ஆண்டிறுதிப் போட்டிக்கென்று செய்துவைத்த பெட்டியை நவராத்திரி கழிந்த கிழமையில் அவர் மீண்டும் அளந்து பார்த்தார். அளந்ததை ஏன் மறுபடி அளக்கவேண்டும் என்று சிலர் கேட்பதுண்டு. கேட்பவரை ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

பெட்டியின் இடப்பக்க மேல் மூலையில் இருந்த ரவை குட்டையாக இருந்தது.

அதிகமில்லை. மூன்று தலைமயிரைச் சேர்த்துவைத்த கனம். கலிப்பரைத் துடைத்து, வாயை மூடிப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அளந்தார். குட்டைதான். மற்றவை யாவும் படைவீரர்போல் ஒரே உயரத்தில் நின்றன. அந்த ஒன்றை உடைத்துப் பிரித்துவிட்டு, புதிதாக ஒன்று செய்து, அளந்து, அதே மூலைக் குழியில் வைத்தார். இரண்டொரு நாளில் அந்தப் புதியதும் குட்டையாயிற்று.

பிரஸ்ஸை முழுதாகக் கழற்றினார். சன்னத்தைத் தள்ளும் தண்டின் குழிந்த முகத்தில், காய்ந்து வெடித்த மஞ்சள் படை ஒன்று ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்தார். சந்தனம்.

"இராஜேஸ்வரி! இஞ்ச ஒருக்கா வாரும்."

அவருடைய மனைவி படியில் பாதிவரை இறங்கிவந்து நின்றாள். அதற்குக் கீழே வரவில்லை.

"உதில என்ன பூசினனீர்?"

"ஆயுத பூசைக்குச் சந்தனம் வைச்சனான். எல்லாத்துக்கும்தானே வைச்சனான். தையல் மெசினுக்கு, கார்ச் சில்லுக்கு, பனி தள்ளுற மண்வெட்டிக்கு. உங்கட சாமானுக்கு மட்டும் வைக்காட்டி நீங்கள் மூஞ்சையை நீட்டிக்கொண்டு திரிவியள்."

"வெளியில வைக்கலாம். சன்னத்தைத் தள்ளுற தண்டில ஆரும் பொட்டு வைப்பினமோ?"

"அது கழட்டி மேசையில கிடந்தது. எது உள்ளுக்கு, எது வெளியாலயெண்டு எனக்கென்ன தெரியும்? சரஸ்வதிக்கே தெரிஞ்சிராது."

"சரஸ்வதிக்கு அங்குலத்தில ஆயிரத்தில ஒரு பங்கு தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும்!"

வழக்கமானால் இதற்கு இரண்டு மடங்கு திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்று அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்தாள்.

"அப்ப சந்தனம்தானோ காரணம்?"

"வேற என்ன?"

"ஓம். சந்தனமாத்தான் இருக்கும்," என்றாள். மூச்சை விட்டாள். மேலே போய்விட்டாள்.

தண்டைத் தேய்த்துக் கழுவிப் பூட்டியபோதுதான், கோபத்தில் தாம் ஒன்றைக் கோட்டைவிட்டது தில்லையம்பலத்துக்கு உறைத்தது. சந்தனப் படை நீளத்தைக் கெடுக்கும், மெய்தான். ஆனால் செய்யும்போது கெடுக்கும். இந்த ரவையோ செய்து முடித்து அளந்தபோது சரியாக இருந்தது. பெட்டிக்குள் வைத்த பிறகல்லவா குறுகியது? பித்தளையும் ஈயமும் இருட்டுக்குள் கிடந்து தாமாகக் குறுகுவதென்றால், அவர் ஆயுள் முழுதும் நம்பிய எதற்கும் பொருளில்லை. மனைவியை வீணாகக் கடிந்துகொண்டது ஒருபுறமிருக்க, அவள் ஏன் அத்தனை விரைவில் பழியை ஏற்றுக்கொண்டாள் என்பதும் உறுத்தியது.

பெட்டியின் நடுவிலிருந்து சரியான ரவை ஒன்றை எடுத்து மூலையில் வைத்தார். மூலையில் இருந்ததை நடுவுக்கு மாற்றினார். மறுநாள் மாலை அளந்தபோது நடுவுக்குப் போனது மாறாமல் இருந்தது. மூலைக்கு வந்தது குறுகியிருந்தது. எந்த ரவையை வைத்தாலும் அந்த மூலை அதைத் தின்றது. காலையில் அளந்தால் மாற்றமில்லை. பகலுணவுக்கு முன் அளந்தாலும் மாற்றமில்லை. உண்டு, ஒரு கண் உறங்கி, தேநீர் குடித்துவிட்டு இறங்கி வந்தால் குறைந்திருக்கும். நாளுக்கு நாள் சன்னம் கோதுக்குள் தலையை இழுத்துக்கொண்டே போயிற்று.

கழகத் தோழர் றெமிஜியஸைத் தொலைபேசியில் அழைத்தார். கொங்கிறீற் ஊற்றப் பலகைத் தட்டடைக்கும் கட்டடத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்றவர், வாயாடி.

"அண்ணை, உங்கட வீட்டுப் பேய்க்கும் ஒரு கலிப்பர் வாங்கிக் குடுத்திட்டியள் போல!"

"பகிடியை விடும். என்ன காரணமெண்டு சொல்லும்."

"உங்களுக்குத் தெரியாதே? என்னைச் சோதிக்கிறியளோ? கோதின்ர அடி விளிம்பைப் பாருங்கோ. கீறல் கிடக்கோ?"

தில்லையம்பலம் பூதக்கண்ணாடியை எடுத்தார். விளிம்பில் சிறு கீறல்கள், பூனை நகம் பட்டதுபோல், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக.

"கிடக்குது."

"பிறகென்ன? பெட்டிக்க கிடந்து குறுகாது அண்ணை. துவக்குக்க ஏத்தி, சுடாமல் இறக்கி, திருப்பி ஏத்தினால் குறுகும். ஏத்திற நேரம் சன்னத்தின்ர மூக்கு இடிபடும், உள்ளுக்குப் போகும். நீங்கள்தான் ஏத்தி இறக்கிப் பழகிறியளாக்கும்."

"நான் வீட்டில ஏத்திறேல்லை. ஒருநாளும் இல்லை."

மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"அப்ப வீட்டில வேற ஆர் இருக்கினம்?"

தெரிந்ததைத்தான் றெமிஜியஸ் சொன்னார். கீறலைத் தேடும் துணிவு இல்லாமல்தான் தில்லையம்பலம் சந்தனத்தைப் பிடித்துத் தொங்கினார். இப்போது பிறர் வாயால் கேட்ட பின் தொங்குவதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வீட்டில் இருப்பவர் இருவர். மகள் நிலாணி மணமாகிப் பிக்கரிங்கில் இருக்கிறாள், வந்து மாதமாகிறது. பெட்டகத்தின் இலக்கத்தை அவர் எவருக்கும் சொன்னதில்லை. ஆயினும் ஒவ்வொரு பகலும், அவர் கண்ணயரும் பொழுதில், யாரோ அதைத் திறந்து, மூலை ரவையை ஏற்றி, ஏதோ ஒன்றுக்குக் காத்திருந்து, இறக்கிவைத்துவிட்டுப் போகிறார். அந்த 'ஏதோ ஒன்று' ஒருநாள் வந்துவிட்டால்?

அன்று பகல் இராஜேஸ்வரி சோறு பரிமாறியபோது அவர் அவளுடைய கைகளையே பார்த்தார். வலது பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில், துணி பிழிபவர்களுக்கு வராத இடத்தில், தோல் சிவந்து தடித்திருந்தது.

"என்ன பாக்கிறியள்? மீனில முள்ளு இருக்கு, சோத்துக் கோப்பையைப் பாத்துச் சாப்பிடுங்கோ."

"உமக்கு ஏதும் மனவருத்தம் இருக்கோ?"

"ஏன், இருந்தால் மருந்து வைச்சிருக்கிறியளோ?" என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள். ஊற்றிய கை நடுங்கவில்லை. அதுவே அவரை நடுங்கவைத்தது. உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவளின் கை இப்படியா இருக்கும்? அல்லது முடிவெடுத்துவிட்டவளின் கை இப்படித்தான் இருக்குமா?

உறங்குவதில்லை என்று உறுதி செய்துகொண்டு கட்டிலில் சாய்ந்தார். கண்ணை மூடினார், அவ்வளவுதான். எல்லாம் கேட்டது. விமானநிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூரைக்கு மேலே உறுமிச் சென்றன. அடுத்த வளவில் இலை ஊதும் இயந்திரம் விட்டு விட்டு இரைந்தது. பிறகு நிலவறைப் படிகளில் யாரோ இறங்கும் ஓசை. கனத்த அடி, இராஜேஸ்வரியின் அடியல்ல. சற்றுப் பொறுத்து, அதன் பின்னால் மெல்லிய அடி, அது அவளுடையது. எழுந்து பார்க்கவேண்டும் என்று எண்ணினார். எண்ணியது நினைவிருக்கிறது. எழவில்லை. உறங்கவுமில்லை, அதில் அவருக்கு ஐயமேயில்லை.

"தேத்தண்ணி ஆறுது," என்று அவள் வாசலில் நின்று சொன்னாள்.

கால்களைத் தரையில் வைக்கப்போனவர் நின்றார். வெள்ளை விரிப்பின் கால்மாட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பாதம் பதிந்திருந்தது. தம்முடைய உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். நிலவறைச் சீமெந்துத் தூசி, குதிகால்வரை.

நிலவறைக்குப் போய் மூலை ரவையை எடுத்து மேசையில் நிறுத்தினார். அளக்கவே தேவையில்லை, கண்ணுக்குத் தெரிந்தது. இராஜேஸ்வரி தேநீர்க் கோப்பையோடு, இம்முறை கடைசிப் படிவரை இறங்கி வந்திருந்தாள்.

"இதைச் செய்தது நீரோ?"

"பாதி நான்," என்றாள் அவள்.

"என்ன பாதி?"

"ஏத்திறது நீங்கள். இறக்கிறது நான்."

விமானமொன்று கூரைக்கு மேலே கடந்துபோயிற்று. அவருடைய கைகள் பெட்டகத்தைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து மேசையில் வைத்தன. அவள் இறக்கினாள் என்பதில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுக்கு அது தெரிந்தது. கோப்பையை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்து, துப்பாக்கியை எடுத்தாள். அதன் வாயைச் சுவர்ப்பக்கம் திருப்பினாள். விரலை விசைக்கு வெளியே நேராக நீட்டினாள். ரவைக் கூட்டை உருவினாள். மேற்பாகத்தை ஒரே இழுப்பில் பின்னால் இழுத்து, இல்லாத ரவையை உள்ளங்கையில் ஏந்தினாள். உள்ளே சின்ன விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். கழகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு இதைப் பழக்க அவருக்கு மாதக்கணக்கில் செல்லும்.

"ஆர் உமக்கு..."

"யூரியூப்பில பாத்தனான். ஒரு வெள்ளைக்காரப் பெட்டை வடிவாச் சொல்லித் தந்தவள். இழுக்கேக்க இடைக்கிடை கை கடிபடும்."

"இலக்கம்?"

"நீங்கள்தானே எனக்கு முன்னால திருப்பினீங்கள். நான் பின்னால படியில நிண்டனான்."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னர்தான் தொடங்கியது. பகலுணவுக்குப் பின் அவர் எழுந்து, வெறுங்காலோடு, கண் திறந்தபடி இறங்கி வருவார். அலமாரியைத் திறந்து, மூலையில் உள்ள ரவையை எடுத்து, ஏற்றுவார். அந்தக் கதிரையைத் திருப்பி, பின்வளவுக்குப் போகும் கதவைப் பார்த்தபடி துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார். ஒன்றும் செய்யமாட்டார். கதவையே பார்ப்பார். பிறகு எழுந்து, ஏற்றியபடியே பெட்டகத்துக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, மேலே போய்ப் படுத்துக்கொள்வார். அவர் படுத்ததும் அவள் இறங்கி வந்து ரவையை இறக்கி, எடுத்த குழியிலேயே வைப்பாள்.

"எழுப்பியிருக்கலாமே!"

"இஞ்சாருங்கோ, இஞ்சாருங்கோவெண்டு எத்தினை தரம் கூப்பிட்டனான். அது உங்களுக்குக் கேக்கேல்லை. பிறகு, போன வெள்ளிக்கிழமை..." அவள் நிறுத்தினாள். "பேரைச் சொல்லிக் கூப்பிட்டனான்."

தில்லையம்பலம் நிமிர்ந்து பார்த்தார். மணமான நாளிலிருந்து இராஜேஸ்வரி கணவரின் பெயரை வாயால் சொன்னதில்லை. மருத்துவ நிலையத்தில் கேட்டால் சுகாதார அட்டையை எடுத்து நீட்டுவாள். நிலாணியின் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது நிலாணியைக் கொண்டு சொல்வித்தாள். இந்த நாட்டில் இதெல்லாம் எதற்கு என்று மகள் எத்தனையோ முறை சிரித்திருக்கிறாள்.

"கூப்பிட்டவுடன?"

"திரும்பினீங்கள். துவக்கும் திரும்பிச்சுது. இஞ்ச," என்று தன் மார்புக்கு நேரே காட்டினாள். "விரல் விசையில இருந்தது. 'அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை' எண்டு சொன்னீங்கள். பிறகு, 'அக்கா, நீங்கள் உள்ளுக்குப் போங்கோ' எண்டியள்."

"அக்காவோ?"

"ஓம். அக்கா."

அவருக்கு அக்கா எவரும் இல்லை. ஒரே பிள்ளை அவர். ஊரில் கலவரம் பெருகுமுன்பே படிப்பென்று புறப்பட்டு இங்கே வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் மாடிக் குடியிருப்பொன்றில் நான்கு பேரோடு பாய் விரித்துப் படுத்தவர். அவருடைய கதவை எவரும் வந்து தட்டியதில்லை.

"என்ர தம்பி ஜனார்த்தன் ஊரில எங்கட வீட்டுக் கதவடியில இப்பிடித்தான் இருந்தவன்," என்றாள் இராஜேஸ்வரி. "பகல் சாப்பிட்டாப் பிறகு, எல்லாரும் கண்ணயருற நேரமாப் பாத்துத்தான் ஆக்களைப் பிடிக்க அவங்கள் வாறவங்கள். வெளியில நிண்டு எங்கட ஐயாவின்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்கள். தம்பி கதிரையை விட்டு எழும்பாமல், அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லையெண்டான். என்னைப் பாத்து, அக்கா நீங்கள் உள்ளுக்குப் போங்கோ எண்டான். நான் போனன். ஐயா இல்லாட்டிப் பரவாயில்லையெண்டு அவனைக் கொண்டு போனாங்கள். பிறகு அவன் வரேல்லை."

"தம்பி காய்ச்சலில செத்ததெண்டுதானே உங்கட ஆக்கள் சொன்னவை."

"கலியாணம் பேசேக்க அப்பிடித்தான் சொல்லவேணும். இல்லாட்டி ஆர் கட்டுவினம்? நானும் அப்பிடியே விட்டிட்டன். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களுக்கும் சொல்லேல்லை."

அவள் ஒருபோதும் சொல்லாத சொல்லைத் தாம் எப்படிச் சொன்னோம் என்று தில்லையம்பலம் தேடினார். அளவில் நிற்காத எதற்கும் காரணம் உண்டு, தேடினால் அகப்படும், அதுவே அவருடைய தொழிலாக இருந்தது.

"நீர் நித்திரையில புலம்பியிருப்பீர். நான் கேட்டிருப்பன். அது உள்ளுக்க கிடந்திருக்கும்."

"நான் நித்திரையில புலம்பிறனான் எண்டு இத்தினை வருசத்தில ஒருநாளாவது சொன்னனீங்களோ?"

அவர் சொன்னதில்லை. அவள் புலம்புவதில்லை. கல்லைப்போல் உறங்குபவள், முதலாண்டில் மூச்சு வருகிறதா என்று அவர் மூக்கடியில் விரல் வைத்துக்கூடப் பார்த்திருக்கிறார்.

அவர் துப்பாக்கியை எடுத்துப் பெட்டகத்துக்குள் வைத்தார். இலக்கத்தை மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"மாத்தும். எனக்குச் சொல்லாதேயும். நான் கேட்டாலும் சொல்லாதேயும். நாளைக்குப் பொலிசுக்குப் போன் அடிக்கிறன். வந்து கொண்டுபோகட்டும்."

பின்னால் இலக்கச் சில்லு சுழலவில்லை.

"குடுக்கத்தான் வேணுமோ?" என்றாள்.

"என்ன கதை கதைக்கிறீர்? உம்மைச் சுட்டிருப்பன்!"

"நீங்களெண்டால் சுட்டிருப்பியள்," என்றாள் இராஜேஸ்வரி. "அவன் சுடமாட்டான்."

இத்தனை நாளும் அவள் ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை, மகளைக்கூட ஏன் அழைக்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. ஒவ்வொரு பகலும் அவள் அந்தப் படியில் நின்றது அவரைக் காவல் காப்பதற்கு மட்டுமல்ல. வருபவனைப் பார்ப்பதற்காகவும் நின்றிருக்கிறாள். ஒருநாள் அவள் படியில் நிற்காமல் அவன் அருகே போயிருந்தால், அவன் கேட்டுக்கொண்டபடி உள்ளே போக மறுத்திருந்தால், அந்த விரல் என்ன செய்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை அவர் வாழ்நாளில் 'சரியாகத்தான் இருக்கும்' என்று விட்டதில்லை.

"மாத்தும், இராஜேஸ்வரி," என்றார். குரல் கெஞ்சியது. "ஏத்தின துவக்குக்கு அவன் இவனெண்டு தெரியாது."

நெடுநேரத்துக்குப் பின் இலக்கச் சில்லு சுழலும் ஓசை கேட்டது.

பொலிசார் வர நாலைந்து நாள் பிடித்தது. அந்த நாள்களில் ஒருநாளும் மூலை ரவை குறுகவில்லை. ஆனால் பெட்டகத்தின் இலக்கச் சில்லில், விரல் பிடிக்கும் இடத்தில் எண்ணெய்ப்பசை படிந்து மினுங்கியது. யாரோ திருப்பித் திருப்பிப் பார்த்திருந்தார்கள். ஒரு நாள் மாலை இராஜேஸ்வரியின் கண்கள் சிவந்திருந்தன. கேட்டதற்கு, வெங்காயம் என்றாள். அன்று கறி வைக்கவில்லை. கடையில் வாங்கிய இடியப்பம்.

"இலக்கத்தைக் கேட்டனானோ?"

"ஓம்."

"என்னண்டு கேட்டனான்?"

"மரியாதையாத்தான். அக்கா, நம்பரைச் சொல்லுங்கோ எண்டு."

"சொன்னனீரோ?"

"முதல் ரெண்டு நம்பரும் வாயில வந்திட்டுது," என்றாள். "பிறகு உங்களுக்குப் பின்னேர மருந்துக் குளிசை எடுத்து வைக்கவேணுமெண்டு நினைவு வந்தது."

வந்த பொலிசார் இருவரும் இளைஞர்கள், பணிவானவர்கள். துப்பாக்கியை எடுத்துப் பார்த்து, பையிலிட்டு முத்திரை வைத்தார்கள். ரவைகளையும் எடுத்தார்கள். இத்தனை நேர்த்தியான ரவைகளைப் பார்த்ததேயில்லை என்று ஒருவன் வியந்தான். வேறொரு நாளானால் தில்லையம்பலம் அவனை நிறுத்திவைத்து நெம்புகோலை இழுக்கும் முறையைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பார். அன்று தலையை மட்டும் ஆட்டினார். ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, வயது போய்விட்டது என்றார். இராஜேஸ்வரி மேலே, சமையலறையில், குழாயைத் திறந்து விட்டபடி நின்றாள். அவர்கள் போகும்வரை அதை மூடவில்லை.

பிரஸ்ஸையும் அதன் அச்சுகளான டைகளையும் றெமிஜியஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனார். "பேயையும் சேத்துத் தாறியளோ அண்ணை, நல்ல வேலைக்காரன் போல கிடக்கு," என்று சிரித்தவர், வீட்டுக்காரர் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு, தேநீர் குடிக்காமலே புறப்பட்டார். மேசை வெறுமையாயிற்று. பெட்டகம் மட்டும், கனமானதென்பதால், கதவு திறந்தபடி அங்கேயே நின்றது.

போட்டி நாள் வந்து போயிற்று. மரங்கள் முற்றாக உதிர்ந்தன. தில்லையம்பலம் மருத்துவரிடம் போனார். ஒரு குளிசை தரப்பட்டது. பகலில் உறங்காதிருக்கும்படியும் சொல்லப்பட்டது. ஆனால் உண்ட பின் அந்த வீட்டில் விழித்திருப்பது அவரால் இயலாததாக இருந்தது. ஒவ்வொரு நாளும் உறங்கவில்லை என்று உறுதியாக அறிவார். ஒவ்வொரு நாளும் உள்ளங்காலில் தூசி இருக்கும். ஒருநாள் நிலவறைக்குப் போனபோது பின்கதவைப் பார்த்தபடி ஒன்றல்ல, இரண்டு கதிரைகள் கிடந்தன. சமையலறையில் இருக்கவேண்டிய மரக்கதிரை மற்றதற்கு அருகே, கை தொடும் தூரத்தில் போடப்பட்டிருந்தது. இருக்கையில் அவளுடைய கம்பளிச் சால்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அன்று தேநீர் கொண்டுவந்தவளிடம் கேட்டார்.

"இண்டைக்கும் போனனானோ?"

"ஓம்."

"கையில?"

"ஒண்டுமில்லை. வெறுங்கை."

"நீர் எங்க இருந்தனீர்?"

"பக்கத்தில. உள்ளுக்குப் போகச் சொன்னான். நான் போகேல்லை." சொல்லும்போது அவளுடைய முகத்தில், மணவறையிலும் அவர் காணாத ஒரு மலர்ச்சி இருந்தது. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, ஈரத்துணியால் அவருடைய உள்ளங்காலைத் துடைக்கத் தொடங்கினாள்.

கேட்கக்கூடாது என்று தில்லையம்பலத்துக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டார்.

"ஆரும் வந்தவையோ?"

இராஜேஸ்வரி மற்றக் காலையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னும் இல்லை," என்றாள்.